பேரீச்சை உருண்டை ஏன் உதிர்கிறது, ஏன் காறிப்போகிறது, யாருக்கு எத்தனை கொடுக்கலாம்

பாகு காய்ச்சாமல், சர்க்கரையோ வெல்லமோ சேர்க்காமல், பேரீச்சம்பழத்தோடு முந்திரி, பாதாம் போட்டு மிக்ஸியில் அடித்து உருண்டை பிடிக்கிறீர்கள். ஒரு தடவை உதிர்ந்து கொட்டுகிறது, அடுத்த தடவை கையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, பத்து நாளில் வாடை மாறிவிடுகிறது. சரியான அளவு என்ன என்பது உங்கள் கேள்வி. போகிற போக்கில், "சர்க்கரை சேர்க்காத பண்டம்தானே, பிள்ளைகளுக்குத் தினமும் கொடுத்துவிட்டு, சர்க்கரை நோய் இருக்கும் மாமியாருக்கும் கொடுக்கலாமா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அந்தக் கடைசி வரிதான் பெரிய கேள்வி. உணவுத் தொழில்நுட்பம் படித்து உலர்பழப் பண்டத் தயாரிப்பில் இருப்பவன் என்பதால் செய்முறையையும் கெடாமல் வைப்பதையும் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். உடம்பைப் பற்றிய பகுதியில் பண்டத்துக்குள் என்ன இருக்கிறது என்ற கணக்கு வரைக்கும்தான் நான். மாத்திரை, இன்சுலின் அளவெல்லாம் உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியது.

நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளில் முதல் இரண்டும் பழத்துக்குள் இருக்கும் தண்ணீரால் வருபவை. மூன்றாவதிலும் அதற்குப் பங்கு உண்டு. 100 கிராம் பேரீச்சையில் ஏறக்குறைய 63 முதல் 67 கிராம் சர்க்கரையும் 20 கிராம் தண்ணீரும் இருக்கின்றன. அதாவது பழமே ஒரு கெட்டிப் பாகு. அதனால்தான் தனியாகப் பாகு தேவைப்படவில்லை. மென்மையான இரகங்களில் அந்தச் சர்க்கரை பெரும்பாலும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும்தான். ஃபிரக்டோஸ் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உடையது. பழம் காய்ந்திருந்தால் பாகு போதாமல் உருண்டை உதிரும், ஈரம் கூடினால் பிசுபிசுக்கும், வெளியிலிருந்து தண்ணீர் சேர்ந்தால் பூசணம் வரும். கடையில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பேரீச்சை வாங்கிக்கொண்டு அளவை மட்டும் மாற்றாமல் வைத்திருந்தால் நீங்கள் சொல்வது போலத்தான் ஆகும்.

ஆகவே முதலில் பழம். கறுப்பு அட்டைப்பெட்டியில் கிமியா என்று விற்கும் பழம் ஈரானின் மஸாஃபத்தி இரகம், கெர்மான் மாகாணத்து பம் வட்டாரத்துச் சரக்கு. நல்ல ருசி, ஆனால் ஈரம் மிக அதிகம், அதனால்தான் கடைக்காரர் குளிர்பெட்டியில் வைக்கிறார். அப்படியே சாப்பிட அருமையான பழம், உருண்டைக்கு வேண்டாம். கல் போலக் காய்ந்த பேரீச்சையும் இதற்கு ஒத்துவராது. அது பாலில் ஊறவைத்துச் சாப்பிடத்தான். இரண்டுக்கும் நடுவில், விரலால் அழுத்தினால் அமுங்கி, பிட்டால் நூல் போல இழுபடாமல் விண்டு வரும் பழம் வேண்டும். மெஜூல் இந்த வேலைக்கு நன்றாக இருக்கும், விலைதான் அதிகம். பாக்கெட்டில் கொட்டை நீக்கி அழுத்தி வரும் சாதாரணப் பழமே போதும். ஆனால் பாகு தடவிப் பளபளவென்று வருவதைத் தவிர்த்துவிடுங்கள். லேபிளில் குளுக்கோஸ் சிரப் என்று இருந்தால் சர்க்கரை சேர்க்கவில்லை என்ற உங்கள் எண்ணமே அங்கே அடிபட்டுப் போகிறது.

எந்தப் பழமானாலும் ஒவ்வொன்றையும் பிளந்து பாருங்கள். உள்ளே நூலாம்படை போல இருந்தால் புழு இருந்த அடையாளம். கொட்டை இருந்த இடத்தில் கறுப்புத் தூள் இருந்தால் அது பூசணம். துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம், தூக்கிப் போடுங்கள். தோலில் வெள்ளைப் புள்ளி இருந்தால் பயப்படத் தேவையில்லாமலும் இருக்கலாம். நகத்தால் சுரண்டும்போது நறநறவென்று வந்து வெந்நீரில் கரைந்தால் அது வெளியே பூத்த சர்க்கரை. பஞ்சு போல இருந்தால் பூசணம். பழத்தைக் கழுவியே ஆக வேண்டும் என்றால் ஓடும் தண்ணீரில் ஒரு அலசு அலசி, துணியால் ஒற்றி, மின்விசிறிக்கு அடியில் 2, 3 மணி நேரம் உலர விடுங்கள். ஊறவைக்கவே கூடாது.

இனி அளவு. தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள்; கப் கணக்கு பேரீச்சைக்குச் சரிப்படாது, எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு கொள்ளும். கொட்டை நீக்கிய பேரீச்சை 200 கிராம், பாதாம் 60, முந்திரி 60, எள் 30, நெய் ஒரு தேக்கரண்டி, ஏலக்காய்த் தூள் கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. உப்பை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் திகட்டும். இதில் 20 கிராம் எடையில் 17 உருண்டை வரும். பழம் சற்றுக் காய்ந்ததாக இருந்தால் பருப்பை 100 கிராமுக்குக் குறைக்கலாம், ஈரமாக இருந்தால் 150 வரை ஏற்றலாம். பேரீச்சையில் நாலில் ஒரு பங்குக்குப் பதிலாக உலர் திராட்சையோ அத்திப்பழமோ போடலாம். உலர் அத்தியிலும் ஆப்ரிகாட்டிலும் தண்ணீர் 30 சதவீதம் வரை இருக்கும் என்பதால் அதற்கு மேல் போகாதீர்கள். பொன்னிறத் திராட்சை, பளிச்சென்ற ஆரஞ்சு நிற ஆப்ரிகாட் இரண்டுக்கும் அந்த நிறம் கந்தகப் புகையால் நிற்கிறது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. அவர்களுக்குக் கறுப்புத் திராட்சை, பழுப்பு நிற ஆப்ரிகாட்.

பருப்பை வறுக்க வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். அடுப்பே இல்லாத விடுதி அறை என்றால் வறுத்த பருப்பாகவே வாங்குங்கள். மற்றபடி வறுக்கத்தான் சொல்வேன். ருசி ஒரு காரணம். இன்னொரு காரணம், பச்சைப் பருப்பில் சால்மோனெல்லா கிருமி இருந்தால் உலர்ந்த பண்டத்தில் அது பெருகாது, ஆனால் சாகாமல் மாதக்கணக்கில் கிடக்கும். 2001-லும் 2004-லும் பச்சை பாதாமால் இந்த நோய் பரவியதைத் தொடர்ந்துதான் கலிஃபோர்னியா பாதாமைக் கிருமிநீக்கம் செய்துதான் விற்க வேண்டும் என்று 2007-இல் அமெரிக்காவில் விதி வந்தது. அந்த விதி வட அமெரிக்காவில் விற்பதற்குத்தான். நம் ஊருக்கு வரும் சரக்கை அது கட்டுப்படுத்தாது. கனமான வாணலியில் சிறுதீயில் பாதாம் 7, 8 நிமிடம், முந்திரி 4, 5 நிமிடம், எள் பொரிந்து அடங்கும் வரை. மூன்றையும் தனித்தனியாக வறுங்கள், சேர்த்து வறுத்தால் எள் கருகும்போது பாதாம் உள்ளே பச்சையாகவே இருக்கும். பிறகு தட்டில் பரப்பி முழுவதும் ஆற விட வேண்டும், குறைந்தது அரை மணி நேரம். சூட்டோடு அரைத்தால் எண்ணெய் விடும், ஜாரின் மூடியில் வேர்த்து அந்தத் தண்ணீரும் உள்ளே சொட்டும். இரவு ஊறவைத்து உரித்த பாதாமை இதில் போடும் பழக்கம் பரவியிருக்கிறது. அந்த உருண்டை இரண்டாம் நாளே புளிப்பு வாடை அடித்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

மிக்ஸியில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். பழத்தை முதலில் போட்டால் அது பிளேடைச் சுற்றி ஒரே பந்தாகி மோட்டாரை நிறுத்திவிடும். முதலில் பருப்பைப் போட்டு, ஒரு சுழற்று, ஒரு நிறுத்தம் என்று இரண்டு இரண்டு விநாடியாக ஓட்டிக் கொரகொரப்பாக்கி, அதில் பாதியைத் தனியே எடுத்து வையுங்கள். மீதியை இன்னும் நான்கைந்து சுழற்றில் ரவை பதத்துக்குக் கொண்டுவாருங்கள். பேரீச்சையைக் கத்தியால் நாலாக நறுக்கி, இந்த ரவையில் புரட்டி, ஜாரில் பாதிக்கு மேல் போகாமல் இரண்டு மூன்று தடவையாக அடியுங்கள். தூள் பழத்தைச் சுற்றி ஒட்டிக்கொள்வதால் பந்து கட்டாது. மோட்டார் திணறி நின்றுவிட்டால் சுவிட்சை அணைத்து, ஜாரைக் காலி செய்து, சில நிமிடம் ஆற விட்டு, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் திரும்ப ஓடும். அந்தக் கலவையைத் தாம்பாளத்தில் கொட்டி, எடுத்து வைத்த கொரகொரப்பான பருப்பு, எள், ஏலக்காய், உப்பு சேர்த்துக் கையால் பிசைந்து, நெய்யைக் கையில் தடவிக்கொண்டு உருட்டுங்கள். சதுரத் துண்டாக வேண்டுமென்றால் வெண்ணெய்த்தாள் விரித்த தட்டில் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு அழுத்தி, ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, நெய் தடவிய கத்தியால் வெட்டிக்கொள்ளலாம்.

உருட்டும் முன்பே பதம் தெரிந்துவிடும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துப் பெருவிரலால் அழுத்துங்கள். விளிம்பில் மெல்லிய கோடு விழுந்தால் சரியான பதம். பிளந்தால் ஈரம் போதவில்லை, விரல் பதிந்து ஒட்டினால் ஈரம் அதிகம். உதிர்கிறது என்று எல்லோரும் உடனே நெய் ஊற்றுவார்கள்; நெய் வழுக்கிக்கொடுக்குமே தவிர ஒட்டவைக்காது. தண்ணீரும் பாலும் ஒட்டவைக்கும், ஆனால் இரண்டு நாளில் கெடுத்துவிடும். நாலைந்து பழத்தை நறுக்கி, இட்லிப் பானையில் 3 நிமிடம் ஆவி காட்டி, ஆறியதும் மசித்துச் சேர்ப்பதுதான் நல்ல வழி. ஆவியிலும் கொஞ்சம் ஈரம் ஏறும் என்பதால் அந்த முறை செய்ததை ஃபிரிட்ஜில் வைத்து அந்த வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஒரு தேக்கரண்டி தேனும் ஒட்டவைக்கும்; ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சேர்ந்த எதையும் கொடுக்கக் கூடாது, பொட்டுலிசம் என்ற கொடிய நோய்க்கான நுண்வித்துகள் அதில் இருக்கக்கூடும். பிசுபிசுப்புக்கு மருந்து நம் அடுக்களையிலேயே இருக்கிறது, பொட்டுக்கடலை மாவு. இரண்டு மேசைக்கரண்டி தூவிப் பிசைந்து பத்து நிமிடம் மூடி வைத்தால் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். ஓட்ஸை விட இது மேல் என்பேன், வறுத்தே வருவதால் பச்சை வாடை இருக்காது.

எண்ணெய் கசிகிறது என்றால் முந்திரியை அதிகம் அரைத்திருக்கிறீர்கள். அதில் 44 சதவீதம் கொழுப்பு. பிளேடு சூடேறச் சூடேற எண்ணெய் வெளியே வந்து வெண்ணெய் போல ஆகிவிடும். ஆனால் தெரிந்து செய்தால் அதுவே உதவும். வெல்லம் சேர்த்து இடித்த எள்ளுருண்டை பாகில்லாமல் பிடிபடுவது உலக்கைக்கு அடியில் எள் விடும் எண்ணெயால்தான். பேரீச்சையைக் குறைக்க நினைக்கும்போது முந்திரியில் பாதியை வேண்டுமென்றே விழுதாக்கிவிட்டால் அது பழத்தின் வேலையில் கொஞ்சத்தை ஏற்றுக்கொள்ளும். கீழே மாமியாருக்கான அளவில் இதைத்தான் சொல்லப் போகிறேன்.

பத்து நாளில் வரும் வாடைக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம், எது என்று மூக்கே சொல்லிவிடும். புளிப்பு, கள் போன்ற வாடை என்றால் ஈரத்தால் கிளம்பிய ஈஸ்ட். பழைய எண்ணெய் போன்ற சிக்கு வாடை, நாக்கில் லேசான கசப்பு என்றால் பருப்பின் கொழுப்பு காறிவிட்டது. உங்கள் விவரிப்பைப் பார்த்தால் இரண்டாவதாகத்தான் தோன்றுகிறது, ஆனால் முகர்ந்து பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். முழுப் பருப்பைவிட உடைத்த பருப்பு வேகமாகக் காறும், ஏனென்றால் காற்று படும் பரப்பு பல மடங்காகிறது. பருப்புகளில் அக்ரூட் மிக மோசம், அதன் கொழுப்பில் பெரும்பகுதி எளிதில் காற்றோடு வினை புரியும் வகை. அரைத்த ஆளி விதையும் அப்படியே. இவை இரண்டையும் போட்டால் அந்த வாரமே தீர்த்துவிடுங்கள். பெரும்பாலும் கோளாறு வாங்கும்போதே தொடங்கிவிடுகிறது. உடைத்த முந்திரி மலிவு என்று வாங்கும் பாக்கெட் கடை அலமாரியில் எத்தனை மாதம் கிடந்ததோ. வாங்கியதும் ஒன்றை மென்று பாருங்கள், கசப்புத் தட்டினால் வறுத்தாலும் போகாது.

கெடாமல் இருக்கும் காலத்தைப் பொறுத்தவரை, ஈரம் சேர்க்காமல் செய்த உருண்டை காற்றுப் புகாத டப்பாவில் வெளியே ஒரு வாரம், ஃபிரிட்ஜில் மூன்று வாரம், ஃப்ரீசரில் மூன்று மாதம். பாக்டீரியாக்களால் வரும் உணவு நஞ்சுக்கு இதில் வளர இடமில்லை. பூசணத்தில் சில இனங்கள் மட்டும் இந்த அளவு ஈரத்திலும் முளைக்கும். வீட்டில் அந்த ஈரத்தை அளக்கும் கருவி கிடையாது என்பதால் இந்த நாள் கணக்கைக் கொஞ்சம் முன்ஜாக்கிரதையாகவே சொல்கிறேன். சென்னை போன்ற கடலோர ஊரில் ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் வெளியே வைக்கவே வேண்டாம், திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் உருண்டை ஈரத்தை இழுக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறக்காதீர்கள், உருண்டை மேல் வேர்க்கும். அன்றாடத் தேவையைச் சின்ன டப்பாவில் தனியே எடுத்து வைப்பது நல்லது. மொறுமொறுப்பு இரண்டு நாளில் போய்விடுவதைத் தடுக்க வழியில்லை, பழத்தின் ஈரம் பருப்புக்குப் போயே தீரும். கொரகொரப்பான பருப்பை நெய்யில் புரட்டிவிட்டுச் சேர்த்தால் ஓரிரு நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கடைசி வரி. சர்க்கரை சேர்க்காத பண்டம் என்பது உண்மை, சர்க்கரை இல்லாத பண்டம் என்பது உண்மையல்ல. மேலே சொன்ன அளவில் 20 கிராம் உருண்டை ஒன்றில் சுமார் 80 கலோரி, ஏழரை கிராம் சர்க்கரை, 2 கிராமுக்குச் சற்றுக் குறைவாகப் புரதம், ஒன்றரை கிராம் நார்ச்சத்து. அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி சர்க்கரை. வீடுகளில் பிடிக்கும் எலுமிச்சை அளவு உருண்டை 35, 40 கிராம் வரும். அதில் எல்லாமே இரண்டு மடங்கு. புரத உருண்டை என்று இதற்குப் பெயர் வைப்பதைப் பார்க்கிறேன், அந்தப் பெயருக்கு இது தகாது. இரும்புச்சத்துக்காகப் பேரீச்சை என்பதும் பெரிதாக்கப்பட்ட பேச்சு. அமெரிக்க வேளாண்துறைப் பட்டியலில் 100 கிராம் பேரீச்சையில் இரும்பு ஏறக்குறைய 1 மில்லிகிராம்தான். இந்தியப் பட்டியல்களில் இதைவிடக் கூடுதலான எண்களும் உண்டு. அவற்றையே எடுத்துக்கொண்டாலும் ஓர் உருண்டையில் இருக்கும் 11 கிராம் பழத்திலிருந்து 1 மில்லிகிராமைத் தாண்டாது. பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. இந்த உருண்டையில் இரும்பு கொஞ்சமாவது வருகிறதென்றால் எள்ளும் முந்திரியும் அதில் பெரும்பங்கு தருகின்றன.

பேரீச்சை இரத்தச் சர்க்கரையை ஏற்றாது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கிளைசெமிக் குறியீட்டைக் காட்டுவார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஐந்து இரகங்களை வைத்துச் செய்து 2011-இல் வெளியான ஆய்வில் அந்த எண் 46 முதல் 55 வரை வந்தது, சர்க்கரை நோயாளிகளிடமும் ஏறக்குறைய அப்படியே. அது குறைந்த எண்தான். ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் இருபத்துச் சொச்சம் பேர்தான். குறியீடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைக் காட்டுமே தவிர, நாலு உருண்டை தின்றால் மொத்தம் எவ்வளவு சேர்கிறது என்பதைக் காட்டாது. பருப்பின் கொழுப்பும் நாரும் ஏற்றத்தை மெதுவாக்கும் என்பது உறுதி. மசித்த பேரீச்சையின் சர்க்கரையை முழுப் பழத்தின் சர்க்கரையாகக் கணக்கிடுவதா, சேர்த்த சர்க்கரையாகவா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015 விளக்கத்தில் பழக்கூழைப் பற்றிப் பேச்சில்லை. பிரிட்டன் உலர்பழத்தை விட்டுவிட்டு, அதையே விழுதாக்கினால் சேர்த்த சர்க்கரைப் பக்கம் வைக்கிறது. நான் பிரிட்டன் பக்கம்தான் சாய்வேன்.

பிள்ளைகளுக்கு, ஐந்து வயதுக்கு மேல் என்றால், 20 கிராம் உருண்டை ஒன்று அல்லது இரண்டு போதும். மிட்டாய், பிஸ்கட்டுக்குப் பதிலாகக் கொடுத்தால் லாபம், அவற்றோடு சேர்த்துக் கொடுத்தால் இன்னொரு இனிப்பு. பல்லில் ஒட்டும் பண்டம் என்பதால் தின்றதும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்குப் பருப்புத் துண்டு தொண்டையில் சிக்கும், அவர்களுக்கு மாவு போல அரைத்துத்தான். பள்ளிக்குக் கொடுத்தனுப்பினால் பகிர்ந்து தின்பார்கள், வகுப்பில் யாருக்காவது கடலை, முந்திரி, எள் அலர்ஜி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மாமியாருக்கு: பேரீச்சை 120 கிராம், பாதாம் 80, முந்திரி 80, எள் 20, பொட்டுக்கடலை மாவு 30, நெய் ஒரு தேக்கரண்டி. முந்திரியில் பாதியை விழுதாக்கிக்கொண்டு, கொஞ்சம் இறுக்கி 15 கிராமாகப் பிடித்தால் ஒன்றில் 4 கிராம் சர்க்கரை. உருண்டை முன்னதைவிட உதிரியாகத்தான் இருக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் நெய் உறைந்து பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கு மேலாக அல்லாமல், மாலை டீயோடு தின்னும் பிஸ்கட்டுக்குப் பதிலாக ஒன்று. சாப்பிடும் முன் ஒரு தடவை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை குளுக்கோமீட்டரில் பாருங்கள். எந்தப் பட்டியலையும் விட அந்த இரண்டு எண்கள் அவர்களுக்குச் சரியான விடை, மருத்துவரிடம் காட்டவும் பயன்படும். சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருந்தால் கேட்காமல் கொடுக்க வேண்டாம், பேரீச்சையிலும் பருப்பிலும் அது நிறைய. இன்னொன்று: அவர்களுக்கு சர்க்கரை இறங்கி, வேர்த்து, கை நடுங்கினால் இனிப்புதானே என்று இந்த உருண்டையைக் கொடுத்துவிடாதீர்கள். கொழுப்பு சேர்ந்திருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். அந்த நேரத்தில் நினைவோடு, விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ எடுத்து, தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.